டி-ஷர்ட்டில் ஒரு விண்மீன்: அந்த 80 கோடுகளைப் படிப்பது எப்படி?

கருப்புத் துணி. நடுநெஞ்சில் வெள்ளைக் கோடுகள், ஒன்றன்கீழ் ஒன்றாக நெருக்கி அடுக்கியவை. ஒவ்வொரு கோடும் ஓரத்தில் ஏறக்குறைய நேராகக் கிளம்புகிறது, நடுவில் வந்ததும் கூர்கூராக எழும்புகிறது, அப்புறம் அடங்கி மறு ஓரத்துக்குப் போய்விடுகிறது. எழுத்து ஏதும் கிடையாது. இந்தப் படத்தை நீங்கள் எங்காவது கண்டிப்பாகப் பார்த்திருப்பீர்கள். டி-ஷர்ட், போன் கவர், காபிக் கோப்பை, முன்கையில் பச்சை என்று அது ஏறாத இடமில்லை.

போட்டிருப்பவரிடம் கேட்டால் பெரும்பாலும் மூன்று பதில்களில் ஒன்று வரும்: மலைத்தொடர், ஏதோ ஒரு பாட்டின் ஒலி அலை, இல்லையென்றால் இதயத்துடிப்பு. மூன்றும் தவறு, மூன்றாவது மட்டும் கொஞ்சம் பக்கத்தில் வருகிறது. அது ஒரு துடிப்புதான். துடிப்பது ஒரு விண்மீன். பல்சர் என்ற வகை. பைக் அல்ல, பைக் வருவதற்கு ரொம்ப நாள் முன்பே வானத்தில் இருந்தது.

இந்தப் படம் வானியலில் பிறந்து, இசைத்தட்டு உறைக்குப் போய், அங்கிருந்து துணிக்கடைக்குப் போய், கடைசியில் புள்ளிவிவரக்காரர்களின் கணினிக்கே ஒரு புது வரைபட வகையாகத் திரும்பி வந்தது. போன இடமெல்லாம் அதன் விளக்கக் குறிப்பு கழன்று விழுந்தது, வடிவம் மட்டும் பிழைத்தது. அந்தக் குறிப்பை மறுபடி ஒட்டிப் பார்ப்போம்.

முதலில் படத்தைப் படிப்போம்

ஒரு ரேடியோ தொலைநோக்கி வானத்தின் ஒரு புள்ளியை நோக்கி நிற்கிறது. அங்கிருந்து வரும் ரேடியோ சிக்னல் கூடும்போது பேனா மேலே போகும், குறையும்போது கீழே இறங்கும். காகிதம் நகர்ந்துகொண்டே இருப்பதால் நீளமாக ஒரு கோடு கிடைக்கும். பல்சரிலிருந்து வரும் சிக்னல் சீரான இடைவெளியில் ஒரு முறை எகிறும். நம் டி-ஷர்ட் விண்மீனுக்கு அந்த இடைவெளி 1.3373 வினாடி.

இப்போது கத்தரிக்கோலை எடுத்து, 1.3373 வினாடிக்கு ஒரு துண்டாக அந்தக் காகிதத்தை வெட்டுங்கள். துண்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டுங்கள். எல்லாத் துண்டிலும் எகிறல் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் வரும். 80 துண்டு ஒட்டினால் படம் தயார். ஒரு கோடு என்பது ஒரு துடிப்பு. இடமிருந்து வலம் நேரம், மேடு எவ்வளவு உயரமோ அவ்வளவு சிக்னல் பலம். 80 துடிப்பு என்றால் 107 வினாடி. அதாவது அந்தச் சட்டையில் இருப்பது வானத்தின் ஒரு நிமிடம் 47 வினாடி.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு துடிப்பின் சராசரி அகலம் 0.05 வினாடிக்கும் குறைவு. 1.3373 வினாடியையும் முழுசாக வரைந்திருந்தால், நீண்ட தட்டைக் கோட்டில் ஊசி குத்தியதுபோல ஒரு முனை மட்டும்தான் தெரிந்திருக்கும். அதனால் துடிப்பைச் சுற்றியுள்ள பகுதியை மட்டும் வெட்டி எடுத்துப் பெரிதாக்கியிருக்கிறார்கள். ஓரங்களில் தெரியும் சின்னச் சின்ன நடுக்கம் விண்மீன் பேசாத நேரத்து இரைச்சல்.

படத்தைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பாருங்கள். மேடுகள் தொடங்கும் இடம் எல்லா வரியிலும் கிட்டத்தட்ட ஒரே செங்குத்துக் கோட்டில் இருக்கும். எதிர்பார்த்த நேரத்திலிருந்து வித்தியாசம் வினாடியில் ஆயிரத்தில் சில பங்குதான். ஆனால் மேட்டின் உருவம் வரிக்கு வரி மாறுகிறது. ஒன்றில் இரண்டு முனை, அடுத்ததில் ஒன்று, அதற்கடுத்ததில் எழும்பவே மனசில்லாததுபோல ஒரு சின்ன வீக்கம். வருகிற நேரம் கடிகாரம் மாதிரி, வருகிற தோற்றம் ஒவ்வொரு முறையும் வேறு. இந்த ஒழுங்கின்மையில் கொஞ்சம் பங்கு வழியில் உள்ள விண்வெளி வாயுவுக்கும் உண்டு, சிக்னல் அதற்குள் புகுந்து வரும்போது கலங்கிப் போகிறது.

அந்த விண்மீன்

பெரிய விண்மீன் ஒன்று எரிபொருள் தீர்ந்து வெடித்துச் சிதறும்போது அதன் நடுப்பகுதி சரிந்து இறுகுகிறது. மிஞ்சுவது நியூட்ரான் விண்மீன்: சூரியனைவிடக் கூடுதல் நிறை, குறுக்களவோ 20 கிலோமீட்டர் போல. தாம்பரத்திலிருந்து சென்னை சென்ட்ரலுக்குப் போகும் தூரத்தைவிடச் சின்னது. அது வேகமாகச் சுழல்கிறது, காந்தத் துருவங்களிலிருந்து ரேடியோ கற்றை கிளம்புகிறது. கலங்கரை விளக்கத்தின் ஒளி கடலைச் சுற்றி வருவதைப் போல, அந்தக் கற்றை ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை நம் பக்கம் வீசிவிட்டுப் போகிறது. விளக்கு அணைந்து எரிவதில்லை, சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. நமக்குத் துடிப்பாகத் தெரிகிறது.

இதை முதலில் கண்டவர் ஜோஸ்லின் பெல். 1967இல் கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவி, வழிகாட்டி ஆன்டனி ஹியூவிஷ். வயல் மாதிரிப் பரந்த நான்கரை ஏக்கரில் மரக்கம்பம் நட்டுக் கம்பி இழுத்துக் கட்டிய தொலைநோக்கி அது. கட்டியவர்களில் பெல்லும் ஒருவர். குவாசர் என்பவை மிகத் தொலைவில் இருந்து ரேடியோ அலை வீசும் விண்பொருட்கள்; சூரியனிலிருந்து வீசும் காற்றுக்குள் புகுந்து வரும்போது அவற்றின் சிக்னல் மினுக்குவதைப் பதிவு செய்வதுதான் திட்டம். ஒரு நாளைக்குச் சுமார் 30 மீட்டர் காகிதம் வெளியே வரும். அவ்வளவையும் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். அதில் அரை அங்குலம்கூடத் தேறாத ஒரு கிறுக்கல், குவாசரும் இல்லை, பூமியிலிருந்து வரும் குறுக்கீடும் இல்லை என்று பட்டது. விண்மீன்களோடு சேர்ந்து தினமும் நாலு நிமிடம் முன்னதாக அது வந்துகொண்டிருந்தது. நவம்பர் கடைசியில் காகிதத்தை வேகமாக ஓடவிட்டுப் பதிவு செய்தபோது சீரான துடிப்பு தெரிந்தது. வேற்றுக்கிரகவாசிகளாக இருக்குமோ என்று பாதி விளையாட்டாக ‘குட்டிப் பச்சை மனிதர்கள்’ என்று பெயர் வைத்தார்கள். வானத்தின் வேறு மூலையில் இரண்டாவது ஒன்றையும் பெல் பிடித்ததும் அந்தப் பேச்சு அடங்கியது. 1968 பிப்ரவரியில் கட்டுரை வெளியானது. விண்மீனுக்கு சி.பி. 1919 என்று பெயர்: கேம்பிரிட்ஜ் பல்சர், வானத்தில் அதன் இடம் 19 மணி 19 நிமிடம் (வானத்தின் தீர்க்கரேகையை மணிக் கணக்கில்தான் சொல்வார்கள்).

1974இல் இதற்காக இயற்பியல் நோபல் பரிசு ஹியூவிஷுக்குப் போனது. இன்னொரு வானியலாளர் மார்ட்டின் ரைலும் பகிர்ந்துகொண்டார். பெல்லுக்கு இல்லை. 2018இல் வேறொரு பரிசில் 30 லட்சம் டாலர் கிடைத்தபோது, வாய்ப்புக் குறைந்த பின்னணியிலிருந்து வரும் இயற்பியல் மாணவர்களின் உதவித்தொகைக்கு என்று மொத்தத்தையும் கொடுத்துவிட்டார்.

நம் ஊருக்கும் இதில் ஒரு நூல் உண்டு. நீலகிரியில், ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் மலைச்சரிவோடு சரிவாக 530 மீட்டர் நீளத்துக்கு ஒரு ரேடியோ தொலைநோக்கி படுத்திருக்கிறது. 1970இலிருந்து இயங்குகிறது. சரிவின் கோணமும் அந்த இடத்தின் அட்சரேகையும் ஒத்துப்போவதால், தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிடுகிறது. ஒரே பக்கமாகத் திருப்பினால் போதும், விண்மீனைப் பின்தொடரலாம். பல்சர்களையும், பெல் தேடப் போன அதே மினுக்கலையும் அங்கே ஆராய்கிறார்கள். ஊட்டிக்குப் போகிறவர்கள் தொட்டபெட்டாவைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம்.

அடுக்கி வைக்கும் யோசனை எங்கிருந்து வந்தது?

பெல்லின் காகிதத்தில் இந்தப் படம் இல்லை. இதை வரைந்தவர் ஹெரால்ட் கிராஃப்ட், கார்னெல் பல்கலைக்கழக ஆய்வு மாணவர். 12 பல்சர்களைப் பற்றிய அவருடைய முனைவர் பட்ட ஆய்வேடு 1970இல் வந்தது. தரவு கிடைத்தது போர்ட்டோ ரிக்கோவின் அரேசிபோ தொலைநோக்கியில். 305 மீட்டர் அகலக் கிண்ணம், 2020 டிசம்பரில் இடிந்து விழுந்துபோனது.

துடிப்புகளை ஏன் அடுக்கினார்? அழகுக்காக இல்லை. ஒரு மேட்டுக்குள் குட்டி மேடுகள் இருப்பது தெரிந்திருந்தது. அந்தக் குட்டி மேடுகள் அடுத்தடுத்த துடிப்பில் கொஞ்சம் கொஞ்சமாக இடம் நகர்கின்றனவா என்பது கேள்வி. 1968லேயே கிராஃப்டும் வானியலாளர் ஃபிராங்க் டிரேக்கும் அப்படி ஒரு நகர்வைப் பற்றி எழுதியிருந்தார்கள். துடிப்புகளைத் தனித்தனியாகப் பார்த்தால் நகர்வு பிடிபடாது. அடுக்கிவைத்தால் குட்டி மேடுகள் சாய்கோடாக வரிசை கட்டி நிற்கும், கண் உடனே பிடித்துவிடும். எண்களில் ஒளிந்துகிடக்கும் ஒழுங்கைக் கண்ணுக்குக் காட்டுவது, அவ்வளவுதான் நோக்கம்.

ஆனால் 80 கோடுகளை நெருக்கி அடுக்கினால் ஒன்றின்மேல் ஒன்று ஏறிச் சிக்குப் பிடித்துவிடும். கிராஃப்ட் எழுதிய கணினி நிரல் அதற்கு வழி கண்டது. முன்னால் உள்ள மேடு உயரமாக இருந்தால், அதற்குப் பின்னால் போகும் கோட்டின் அந்தப் பகுதியை வரையாதே. இந்த ஒரு விதிதான் தட்டையான கோடுகளுக்கு ஆழம் கொடுத்தது. நாம் மலைத்தொடர் என்று நினைப்பதற்கும் இதுதான் காரணம். முன்னால் நிற்பது பின்னால் நிற்பதை மறைக்கும் என்பது நம் கண்ணுக்குப் பிறவிப் பாடம். மலைச்சரிவு மாதிரி அடுக்கைச் சாய்த்தும் அவர் வரைந்து பார்த்தார். பார்க்க நன்றாக இருந்தது, ஆனால் விஷயம் குழம்பியது, விட்டுவிட்டார். கணினி தந்த படத்தின் மேல் பல்கலைக்கழக வரைகலைஞர் ஒரு பெண்மணி கருமையால் அழுத்தமாகக் கோடு இழுத்துக் கொடுத்தார். நம் டி-ஷர்ட்டுகளில் இருப்பது அந்தக் கைக்கோட்டின் வம்சம்.

1971 ஜனவரியில் ஓர் அறிவியல் மாத இதழில் படம் வந்தது. 1977இல் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட வானியல் கலைக்களஞ்சியம் ஒன்றிலும் இடம்பிடித்தது. அதோடு அதன் கதை முடிந்திருக்க வேண்டும்.

மான்செஸ்டரில் ஒரு நூலகம்

ஜாய் டிவிஷன் என்ற ஆங்கிலேய நால்வர் இசைக்குழு 1979இல் முதல் ஆல்பத்தைத் தயார் செய்துகொண்டிருந்தது. பெயர் ‘அன்னோன் பிளெஷர்ஸ்’. கிதார் வாசித்த பெர்னார்ட் சம்னர் மான்செஸ்டர் நூலகத்தில் அந்தக் கலைக்களஞ்சியத்தைப் புரட்டியபோது இந்தப் படம் கண்ணில் பட்டது என்பதே பரவலாகச் சொல்லப்படும் கதை. உறையை வடிவமைத்தவர் பீட்டர் சாவில், 23 வயது. புத்தகத்தில் வெள்ளைத் தாளில் கருப்புக் கோடாக இருந்தது. உறையின் வெளிப்பக்கம் வெள்ளையாக இருக்கட்டும் என்பது குழுவின் விருப்பம். சாவில் கேட்கவில்லை. நிறத்தைத் திருப்பிப் போட்டார்: சொரசொரப்பான கருப்பு அட்டை, நடுவில் சின்னதாக வெள்ளைக் கோடுகள். முன்பக்கத்தில் குழுவின் பெயரும் இல்லை, ஆல்பத்தின் பெயரும் இல்லை. விண்மீனைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

என்னைக் கேட்டால் படத்தின் விதியை மாற்றியது இந்த நீக்கல்தான். அச்சு எண்களும் அடிக்குறிப்பும் இருந்தவரை அது ஒரு அளவீடு. அவற்றை எடுத்ததும் பார்ப்பவர் தன்னுடையதை அதில் ஏற்றிவைக்க இடம் கிடைத்தது. கருப்பு நிறம் தற்செயலாகவோ என்னவோ அதை வானத்துக்கே திருப்பி அனுப்பியது.

இசைக்கும் படம் பொருந்தியது. தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட் ஒலிப்பதிவுக் கருவிகளின் மேல் தீராத ஆசை கொண்டவர். ஒலியைச் சற்றுத் தாமதித்து எதிரொலிபோலத் திருப்பித் தரும், அப்போது புதிதாக வந்திருந்த டிஜிட்டல் டிலே கருவியில் டிரம்ஸ் ஒலியைச் செலுத்தி, பெரிய காலி அறையில் யாரோ தட்டுவதுபோல ஆக்கினார். ஒரு பாட்டில் ஸ்பிரே டப்பாவை ‘புஸ்’ என்று அடிக்கும் சத்தமே தாளம். பாடகர் இயன் கர்ட்டிஸ் அடுத்த ஆண்டு மே மாதம் தற்கொலை செய்துகொண்டார். 23 வயது. உறையைச் சுற்றி ஒரு சோகம் படிந்ததற்கு அதுவும் காரணம். மற்ற மூவரும் நியூ ஆர்டர் என்ற பெயரில் தொடர்ந்தார்கள்.

கிராஃப்டுக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. பல ஆண்டுகள் கழித்து நண்பர் ஒருவர் சொல்லித்தான் இசைத்தட்டுக் கடைக்குப் போய்ப் பார்த்தார். தன் படம்தான். ஆல்பம் ஒன்று, போஸ்டர் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார்.

அதற்கப்புறம் துணிதான். பெல்ஜிய ஃபேஷன் வடிவமைப்பாளர் ராஃப் சைமன்ஸ் 2003இல் சாவிலின் உறைப் படங்களைக் கோட்டுகளின் மேல் ஏற்றினார். 2012இல் டிஸ்னி, அதே அலைக்கோடுகளை மிக்கி மவுஸ் தலை வடிவத்தில் வளைத்து ஒரு டி-ஷர்ட் விற்பனைக்கு விட்டது. செய்தியானதும் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். நல்லதுதான். குழுவின் பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் (கீழே வருகிறது) மிக்கிக்கே தர்மசங்கடம்.

மறுபடி வரைபடமாக

2017 கோடையில், மக்கள் எந்த நேரத்தில் எந்தப் பொழுதுபோக்கில் இறங்குகிறார்கள் என்பதை இதே பாணியில் அடுக்கி ஒருவர் இணையத்தில் போட்டார். தரவுத்துறைக்காரர்கள் பலருக்கும் பிடித்துப்போனது. குழுவின் நினைவாக அந்த வரைபட வகைக்கு ‘ஜாய் பிளாட்’ என்று பெயர் வந்தது. உயிரியலாளர் கிளாஸ் வில்கே, ஆர் என்ற நிரல்மொழிக்கு ‘ஜிஜிஜாய்’ என்று ஒரு தொகுப்பும் எழுதினார். சில வாரங்களில் யாரோ சுட்டிக்காட்டினார்கள்: ‘ஜாய் டிவிஷன்’ என்பது நாஜி வதைமுகாம்களில் பெண்களைப் பாலியல் அடிமைகளாக அடைத்துவைத்த பகுதிக்கு ஒரு நாவலில் வழங்கிய பெயர். வில்கே தயங்கவில்லை. தொகுப்பை ‘ஜிஜிரிட்ஜஸ்’ என்று மாற்றினார், வரைபடம் ‘ரிட்ஜ்லைன்’ ஆனது. பழைய பெயர் இன்னும் அங்கங்கே காதில் விழும்.

ரிட்ஜ்லைனும் கிராஃப்ட் வரைந்ததும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும், படிக்கும் விதம் வேறு. புதிதாக வருகிறவர்கள் தடுமாறும் இடம் இதுதான். கிராஃப்டின் படத்தில் உயரம் என்பது அந்த நொடியில் வந்த சிக்னலின் பலம், நேரடி அளவு. ரிட்ஜ்லைனில் பெரும்பாலும் உயரம் என்பது எத்தனை அளவீடுகள் அந்த இடத்தில் குவிந்திருக்கின்றன என்பது.

வில்கேயின் தொகுப்போடு வரும் எடுத்துக்காட்டையே பார்ப்போம். அமெரிக்காவின் லிங்கன் நகரத்தில் 2016இன் தினசரி வெப்பநிலை, மாதத்துக்கு ஒரு மேடு, 12 மேடு. இடமிருந்து வலம் வெப்பம் கூடுகிறது. கோடை மாத மேடு வலப்பக்கம் குறுகலாக உயர்ந்து நிற்கும், குளிர்கால மேடு இடப்பக்கம் அகலமாகப் பரந்திருக்கும். கோடை மேடு உயரமாக இருப்பதால் அது அதிக வெப்பம் என்று படித்துவிடக் கூடாது. வெப்பத்தைச் சொல்வது அது நிற்கும் இடம். உயரம் சொல்வது, கோடை நாட்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே வெப்பத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன என்பதை. குளிர்காலத்தில் ஒரு நாள் உறையும், இன்னொரு நாள் இதமாக இருக்கும், அதனால்தான் அந்த அகலம்.

நீங்களே வரைய ஆசைப்பட்டால் கஷ்டமில்லை. பைத்தானின் மேட்பிளாட்லிப் தொகுப்பில் ஆல்பத்தின் பெயரைச் சொல்லியே ஒரு எடுத்துக்காட்டு இருக்கிறது, அதில் 64 கோடுகள் ஆடிக்கொண்டே இருக்கும். ஆனால் அது விண்மீன் இல்லை, தற்போக்கு எண்களை நடுவில் மட்டும் எழும்பச் செய்த பாவனை. அசல் வேண்டும் என்றால், பழைய படத்திலிருந்து மீட்டெடுத்த எண்களும் இணையத்தில் கிடைக்கின்றன: 80 வரி, வரிக்கு 300 எண். மேல் வரியிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் கீழே உள்ள இடத்தைப் பின்னணி நிறத்தால் நிரப்பிவிட்டு, அதன்மேல் கோட்டை வரையுங்கள். அடுத்த வரியின் நிரப்பல் முந்தைய வரியின் வேண்டாத பகுதியைத் தானாக மூடிவிடும். கிராஃப்ட் எழுதிய மறைக்கும் விதிக்கு இன்றைய குறுக்குவழி இது.

சொந்தத் தரவுக்கு இதைப் பயன்படுத்தும்போது, அடுக்க வேண்டியவை ஏழெட்டாவது இருக்கட்டும், இரண்டு மூன்றுக்கு இது வீண் அலங்காரம். வரிசைக்கும் ஒரு பொருள் வேண்டும், மாதம், ஆண்டு, வயது என்று. அகர வரிசையில் மாவட்டங்களை அடுக்கினால் மேடுகள் எந்தக் கதையும் சொல்லாது. உயரத்தைக் கூட்டக் கூட்டப் படம் அழகாகிக்கொண்டே போகும், பின்னால் உள்ளவை மறைந்துகொண்டும் போகும். அலுவலக அறிக்கைக்கு என்றால் மேடுகள் லேசாகத் தொட்டுக்கொள்ளும் அளவில் நிறுத்திவிடுங்கள். டி-ஷர்ட்டுக்கு என்றால் உங்கள் இஷ்டம்.